ஏழாம் அத்தியாயம்: துளை விழ வேண்டிய இடம்

வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய காலை. இறைக்கிற மெசின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. எஞ்சின் சத்தத்தில் குறையில்லை, கிணற்றிலும் தண்ணீர் கிடக்கிறது. உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துத் தோட்டக்காரர் இந்த முறைப்பாட்டோடு பட்டறைக்கு வந்தால் முதலில் புட்வால்வைச் சந்தேகிப்போம், அடுத்து பம்ப்பின் சீலை. இரண்டும் நல்லதென்றால் சக்சன் பைப்பின் பிளாஞ்சைக் கழற்றிப் பாருங்கள். நான் கழற்றிய பலவற்றில் ஒரே காட்சிதான். நாலு துளைகளில் இரண்டு வட்டமாக இருக்கும். மற்ற இரண்டும் வட்ட அரத்தால் இழுத்து நீட்டப்பட்டு முட்டை வடிவில் இருக்கும். போல்ற் சரிந்து நிற்கும், வாசர் ஒரு பக்கம் தொங்கும், காஸ்கற் விலகி ஒரு ஓரம் நசுங்காமலே கிடக்கும்.

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கும் நீரை மேலே எடுத்துத்தான் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைகின்றன. துலா மிதித்த காலத்தில் காற்றுப் புகுமென்ற கவலை இருக்கவில்லை. பம்ப் வேறு விடயம். பைப்புக்குள் அழுத்தத்தை அது குறைக்க, கிணற்றுக்கு மேலுள்ள காற்றின் அழுத்தம் தண்ணீரை ஏற்றுகிறது. கணக்கின்படி பத்து மீற்றருக்குச் சற்று மேல் ஏற வேண்டும், நடைமுறையில் ஆறு ஏழு மீற்றர்தான். ஓர் இணைப்பில் மெல்லிய கீறலளவு வழி கிடைத்தாலும் காற்று முந்திக்கொள்ளும்.

“ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கினால் சரி” என்பது எங்கள் பட்டறைகளில் அதிகம் கேட்கும் வசனம். இந்த அத்தியாயம் அந்த வசனத்துக்கு எதிராக எழுதப்பட்டது. துளையின் அளவு ஒன்று, துளையின் இடம் வேறொன்று. 11 மி.மீ. துளையை நூலளவும் பிசகாமல் துளைத்தாலும் அது இரண்டு மி.மீ. தள்ளி விழுந்திருந்தால் அந்தத் துல்லியத்தால் பயனில்லை. இடம் கெடுவதும் பெரும்பாலும் டிறில் மெசினில் நடப்பதில்லை. அளக்கத் தொடங்கும் இடத்தில்தான் அது கெடுகிறது.

எவ்வளவு விலகலாம்?

எம்10 போல்ற்றுக்கு வழக்கமாக விடும் துளை 11 மி.மீ., எம்8க்கு 9, எம்12க்கு 13.5. உலகமெங்கும் பயன்படும் ஐஎஸ்ஓ அட்டவணையின் நடுத்தரப் பொருத்தம் இதுதான். எம்10ஐ எடுத்துக்கொள்வோம். துளைக்கும் போல்ற்றுக்கும் இடையில் 1 மி.மீ. இடைவெளி உண்டு. இரண்டு தகடுகளிலும் துளை மட்டும் போட்டு நட்டால் இறுக்குவதாக இருந்தால், ஒவ்வொரு துளையின் மையமும் சரியான புள்ளியிலிருந்து எந்தப் பக்கமும் அரை மி.மீ. வரை விலகலாம், போல்ற் இறங்கும். ஒரு பக்கம் மரை வெட்டிய துளையாக இருந்தால் நிலைமை மாறும். போல்ற் அங்கே பிடிபட்டு நிற்பதால் அதே 1 மி.மீ.ஐ இரண்டு பாகமும் பங்குபோட வேண்டும். ஆளுக்குக் கால் மி.மீ. விலகல்தான் கிடைக்கும். பம்ப் உடலில் நேரடியாக மரை வெட்டி பிளாஞ்ச் பூட்டும் வேலை நட்டுப் போட்டு இறுக்கும் வேலையை விடக் கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

விலகலை இரண்டு திசையில் அளந்து தனித்தனியாகப் பார்ப்பது போதாது. வலப்பக்கம் 0.3, மேற்பக்கம் 0.4 என்றால், “இரண்டும் அரையை விடக் குறைவு” என்று ஆறுதல்பட முடியாது. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான விலகல் 0.5, அதாவது எல்லையிலேயே நிற்கிறது. இரண்டு பக்கமும் 0.4 என்றால் 0.57, எல்லை தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கை ஆலைத் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் ஸ்ரான்லி பார்க்கர். ஸ்கொட்லாந்தின் அலெக்சாந்திரியா என்ற ஊரில் டோர்பிடோ செய்த அரச தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேலை செய்தவர். பரிசோதனையில் கழிக்கப்பட்ட பாகங்கள் பூட்டிப் பார்த்தபோது பொருந்தின. வரைபடங்கள் நீளத்துக்கு இவ்வளவு, அகலத்துக்கு இவ்வளவு என்று துளையின் மையத்துக்கு ஒரு சதுரத்தை அனுமதித்திருந்ததுதான் காரணம். நடுவிலிருந்து சதுரத்தின் மூலையும் பக்கமும் ஒரே தூரமல்ல. மூலையில் நிற்கும் துளை பொருந்துமென்றால் அதே தூரத்தில் பக்கவாட்டில் நிற்பதும் பொருந்தத்தான் வேண்டும். சதுரத்தின் நாலு மூலையையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் போட்டால் அனுமதிக்கும் பரப்பு 57 வீதம் கூடுகிறது, பொருத்தத்துக்கு எந்தக் கேடும் இல்லை. இன்று வரைபடத்தில் ஒரு பெட்டிக்குள், வட்டத்தில் சிலுவை போட்ட குறியோடு வரும் எண் அந்த வட்டத்தின் விட்டம். 0.5 என்று இருந்தால் மையத்திலிருந்து 0.25 மட்டுமே விலகலாம். கொழும்பிலிருந்து வரும் வரைபடத்தைப் பார்த்து அரை மி.மீ. விலகலாம் என்று எடுத்துக்கொண்டு முழு வேலையையும் இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எங்கிருந்து அளப்பது?

தொழில் பழகிய மூன்றாம் வருடம், எஞ்சினையும் பம்ப்பையும் ஒரே தகட்டில் பூட்டி நடுவில் கப்ளிங் போடும் வேலை எனக்குக் கிடைத்தது. எஞ்சினுக்கு நாலு துளை, பம்ப்புக்கு நாலு துளை. எஞ்சின் துளைகளைத் தகட்டின் இடது ஓரத்திலிருந்து அளந்தேன். பம்ப் துளைகளுக்கு வலது ஓரம் கைக்கு வசதியாக இருந்தது, அங்கிருந்து அளந்தேன். தகடு காஸால் வெட்டியது. இரண்டு ஓரமும் சமாந்தரமில்லை என்பதை மூலைமட்டம் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தண்டு இரண்டும் நேராக வராமல் போக, துளைகளை அராவி எப்படியோ பூட்டி அனுப்பினேன். முதலில் கப்ளிங் றப்பர் தின்னப்பட்டது, அடுத்து பம்ப்பின் பெயாரிங் போனது. புகையிலைக் கன்று நட்ட கிழமை அது. அந்தத் தோட்டக்காரர் குடும்பத்தோடு வாளியில் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து தகட்டைத் திரும்பச் செய்தேன்.

எனக்குத் தொழில் பழக்கியவர் அன்று கோபப்படவில்லை. “தம்பி, அளக்கிறதுக்கு முன்னம், ஆரிட்ட இருந்து அளக்கிறாய் எண்டு கேள். ஒருத்தரிட்ட இருந்துதான் அளக்கோணும்” என்றார்.

அந்த ‘ஒருத்தர்’ பாகத்தின் ஓரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வேலை செய்யும்போது மற்றப் பாகத்தை எது தொடுகிறதோ, எது அதை நிலைநிறுத்துகிறதோ, அங்கிருந்து அளக்க வேண்டும். பம்ப் பிளாஞ்சில் அது நடுத்துவாரம், அல்லது கடைந்து எடுத்த மேடு. வார்ப்பின் வெளியோரத்தை ஒருபோதும் நம்பாதீர்கள். மண் அச்சிலிருந்து வந்த முகம் அது, இரண்டு மூன்று மி.மீ. கோணலாக இருப்பது சாதாரணம்.

நடுவில் துவாரம் இருந்தால் கவராயத்தின் காலை எங்கே ஊன்றுவது? துவாரத்துக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை இறுக்கி அடியுங்கள். அதன் நடுவில் சின்னத் தகரத் துண்டொன்றை ஆணியால் அறையுங்கள். துவாரத்தின் நாலு பக்க விளிம்பிலிருந்தும் ஏறத்தாழ ஆரையளவு எடுத்து நாலு வில் கீறினால் தகரத்தில் ஒரு சிறு கட்டம் விழும். கட்டத்தின் நடுதான் மையம். செலவில்லாத இந்த வழியை விட நல்ல வழி லேத்தில் கடைந்த அடைப்பான் ஒன்றுதான்.

கீறுதல்

உருக்கில் வெறும் கீறல் கண்ணுக்குப் பிடிபடாது. முந்திரிகைப் பந்தலுக்குப் போடோக் கலவை அடிக்கும் வீடுகளில் மயில்துத்தம் இருக்கும். அதை நீரில் கரையுமட்டும் கரைத்து, பற்றரி அமிலம் சில துளி விட்டு, எண்ணெய் போகத் துடைத்த உருக்கில் பூசினால் செப்புப் படலம் ஒட்டும். கீறிய கோடு அதில் வெள்ளியாகத் தெரியும். அலுமினியத்தில் இதைப் பூசக் கூடாது, அரிக்கும். உங்கள் வேணியரிலும் படவிடாதீர்கள். கரடுமுரடான வார்ப்புக்குச் சுண்ணாம்பு நீர் போதும்.

போல்ற் வட்டத்தைப் பிரிக்கும்போது ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கான நேர்த்தூரத்தை வட்டத்தின் விட்டத்திலிருந்து கணக்கிடலாம். மூன்று துளைக்கு விட்டத்தை 0.866ஆல் பெருக்குங்கள். நாலுக்கு 0.7071, ஐந்துக்கு 0.5878, ஆறுக்கு சரிபாதி, எட்டுக்கு 0.3827. விட்டம் 130 மி.மீ. என்றால் நாலு துளைக்கு 91.9, ஆறுக்கு 65, எட்டுக்கு 49.75.

கவராயத்தை ஒரு புள்ளியில் தொடங்கி எட்டு முறை நடத்திக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வோர் அடியிலும் 0.1 பிசகினால் வட்டம் மூடும் இடத்தில் 0.8 வந்து நிற்கும். முதலில் குறுக்குக் கோடு இரண்டு போட்டு நாலு புள்ளியை நிறுத்துங்கள், பிறகு ஒவ்வொரு கால்வட்டத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். பிழை அந்தந்தக் கால்வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

பைப் பிளாஞ்ச் செய்பவர்கள் கீறுவதற்கு முன்னமே ஒன்றைக் கேட்டறிய வேண்டும். ‘மூன்று அங்குலப் பிளாஞ்ச்’ என்று ஒரு சாமான் கிடையாது. பழைய பிரித்தானிய பிஎஸ்10இன் டி அட்டவணையில் அதன் போல்ற் வட்டம் 146 மி.மீ., நாலு துளை. அமெரிக்க 150 வகுப்பில் 152.4, அதிலும் நாலு துளை. ஐரோப்பிய பிஎன்16இல் 160, எட்டுத் துளை. முதல் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் வைத்தால் ஒவ்வொரு துளையும் 3.2 மி.மீ. வெளியே நிற்கும். பழைய பம்ப்பும் புதிதாக வாங்கிய வால்வும் ஒரே தோட்டத்தில் சந்திக்கும் எங்கள் ஊரில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. அத்தோடு, பிளாஞ்ச் நிமிர்ந்து நிற்கையில் நிலைக்குத்து மையக்கோட்டில் துளை வரக் கூடாது, அதன் இரு பக்கமும் சமதூரத்தில் வர வேண்டும். உலகம் முழுக்கப் பழகிய வழக்கம் இது. இதை மறந்து ஒட்டிய பிளாஞ்சில் எல்போ சரிந்து நிற்கும்.

குத்துதல்

முதற்குத்துக்கு 60 பாகைக் கூர்முனைப் பஞ்ச். கோடு இரண்டும் வெட்டும் இடத்தில் முனையை இழுத்துக்கொண்டு வந்தால் கீறலின் பள்ளத்தில் அது விழுவதைக் கை உணரும். அங்கே நிறுத்தி, நிமிர்த்தி, மெல்ல ஒரு தட்டு. கண்ணாடி வைத்துப் பாருங்கள். தள்ளி விழுந்திருந்தால் அதன் பக்கத்தில் புதுக்குத்து வைக்காதீர்கள், இரண்டும் கலந்துபோகும். பஞ்ச்சைச் சரித்து, விழுந்த பள்ளத்தையே தேவையான பக்கம் தள்ளுங்கள். சரியான பின்தான் 90 பாகைப் பஞ்ச்சால் பலமாக அடிக்க வேண்டும்.

அடுத்து, துளையின் அளவில் ஒரு வட்டமும் அதற்குள் சிறிய வட்டமொன்றும் கவராயத்தால் கீறிவிடுங்கள். பெரிய வட்டத்தில் நாலு இடத்தில் சிறு குத்து வையுங்கள். துளைத்து முடிந்த பின்பு அந்த நாலு குத்திலும் பாதிப்பாதி மிஞ்சியிருந்தால் துளை தன் இடத்தில் விழுந்திருக்கிறது. இந்தச் சாட்சியை விட்டுவைக்காத வேலையை நான் கையேற்பதில்லை.

அலகு ஏன் ஓடுகிறது?

முறுக்கு அலகின் நடு நுனியைக் கவனியுங்கள். அது ஊசிமுனை இல்லை, உளிபோன்ற ஒரு சிறு விளிம்பு. அந்த விளிம்பு வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளுகிறது. குத்திய பள்ளம் அதைவிடச் சிறிதாக இருந்தால் விளிம்பு பள்ளத்தின் மேலேறி நடந்துபோகும். 11 மி.மீ. அலகுக்கு நேரே பஞ்ச் குத்தில் வேலை கொடுக்கக் கூடாது. முதலில் இரண்டு, மூன்று மி.மீ. வழித்துளை போடுங்கள், பெரிய அலகின் நடு விளிம்பு அளவுக்கு அது போதும். வழித்துளையைப் பெரிதாகப் போட்டால் அலகு அதிர்ந்து துளை மூலைப்படும்.

கையால் தீட்டிய அலகில் இரண்டு வெட்டு வாயும் சமநீளமா என்று பாருங்கள். பொதுவான கோணம் 118 பாகை. கோணம் ஒன்றிரண்டு பாகை பிசகினால் பெரிய கேடில்லை. வாய் ஒன்று நீண்டால் நுனி நடுவை விட்டு விலகும், துளை பெரிதாகும், இழுபடும்.

1990இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்ட பின், மின்சாரமும் இல்லாத அந்த ஆண்டுகளில், கைத்துறப்பணத்தால் துளைத்துப் பழகியவர்கள் பலர் இன்றும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் அலகு ஓடுவது குறைவு. ஒரு சுற்றில் அலகு எங்கே போகிறதென்று பார்த்து, அடுத்த சுற்றுக்கு முன் திருத்தக் கைச்சுற்றின் மெதுவான வேகம் இடம்கொடுத்தது. மின் டிறிலிலும் அதையே செய்யலாம். அலகின் நுனி பள்ளம் எடுக்கத் தொடங்கியதும் நிறுத்தி, பள்ளத்தின் விளிம்பையும் கீறிய சிறிய வட்டத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் போயிருந்தால், எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கப் பள்ளச்சுவரில் உருண்டைமுனை உளியால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். அலகு அந்தப் பக்கம் இழுபட்டு நடுவுக்கு வரும். அலகின் முழு அகலமும் உள்ளே போன பிறகு திருத்த வழியில்லை. றீமர் போட்டால் சரிவரும் என்று நினைப்பவர்கள் உண்டு. றீமர் இருக்கிற துளையின் வழியிலேயே போகும். அளவைத் திருத்தும், இடத்தைத் திருத்தாது. இடத்தைத் திருத்துவது ஒற்றைமுனைப் போறிங் மட்டும்தான்.

மேசை அலகுக்குச் செங்குத்தா என்பதையும் மூலைமட்டத்தால் பாருங்கள். ஒரு பாகை சரிவிருந்தால் 20 மி.மீ. தடிப்புத் தகட்டில் மேலே சரியாக விழுந்த துளை கீழே 0.35 விலகி வெளிவரும். மேலே பார்த்து மகிழ்ந்தவர் பூட்டும்போதுதான் அறிவார்.

சோடியாகத் துளைத்தல்

இரண்டு பாகத்தையும் ஒன்றன்மேல் ஒன்று இறுக்கி ஒரேயடியாகத் துளைத்தால் இடம் பற்றிய கவலை போய்விடும். முதல் துளை போட்டதும் அதில் இறுக்கமான ஊசியோ போல்ற்றோ போடுங்கள். எதிர்ப்பக்கத் துளை, அதிலும் ஊசி, பிறகு மற்றவை. எந்தப் பக்கம் எதோடு சேரும் என்பதை ஓரத்தில் குத்தி அடையாளமிடுங்கள்.

2002இல் பாதை திறக்கும்வரை, திரும்பவும் 2006இலிருந்து 2009வரை அது மூடிக்கிடந்த காலத்திலும், குடாநாட்டு மெசின்கள் ஓடியதில் இந்த முறைக்குப் பெரும் பங்குண்டு. புது உதிரிப்பாகம் வந்துசேருவது அப்போது அருமை. உடைந்த பாகத்தையே அச்சாக வைத்து, அதன்மேல் புதியதைத் துளைத்தார்கள். அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். அந்த முறையை இன்று எல்லா வேலைக்கும் கொண்டுவருவதை ஏற்கவில்லை. சோடியாகத் துளைத்த பாகம் அதன் சோடிக்கு மட்டுமே பொருந்தும். லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் இழுக்கும் பெட்டியின் அச்சுத் தகடு ஒன்று வயலில் உடைந்தால், கடையில் வாங்கியது ஏறாது, தோட்டக்காரர் திரும்ப உங்களிடமே வந்து காத்திருக்க வேண்டும். ஒரே பாகத்தைப் பத்து இருபது செய்கிறீர்கள் என்றால், அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில் இருந்தாலும் வீட்டுக் கோடியில் இருந்தாலும், கடினப்படுத்திய புஷ் வைத்த ஜிக் ஒன்றை முதலில் செய்யுங்கள். ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளின் கவனத்தை எல்லாத் துளையும் பெற்றுக்கொள்ளும்.

வெயிலும் அளவும்

உலகத்தின் நீள அளவுகள் 20 பாகைச் செல்சியசுக்கு ஒத்துக்கொள்ளப்பட்டவை. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 32க்குக் குறையாது. 300 மி.மீ. உருக்குத் தகடு அந்த 12 பாகையில் 0.04 மி.மீ. நீளும், அலுமினியம் 0.08. போல்ற் துளைக்கு இது பொருட்டல்ல. தண்டைப் பிடிக்கும் ஊசித் துளைக்குப் பொருட்டு. பாகத்தையும் அளவுகருவியையும் ஒரே நிழலில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு அளந்தால், இரண்டும் உருக்காக இருக்கும்வரை இந்த வித்தியாசம் தானாகவே தீரும். வெயிலில் நிறுத்திய லாண்ட்மாஸ்ரர் பெட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு எந்த அலுமினியத்தையும் கீறாதீர்கள்.

சரிபார்த்தல்

இரண்டு துளைகளின் மையத்தூரத்தை மையத்தில் வைத்து அளக்க முடியாது. வேணியரால் துளைகளின் கிட்டிய விளிம்புகளுக்கிடையே ஒருமுறை, தூர விளிம்புகளுக்கிடையே ஒருமுறை அளந்து, கூட்டி, இரண்டால் பிரியுங்கள். வருவதே மையத்தூரம், துளை கொஞ்சம் பெரிதாகியிருந்தாலும் கணக்குப் பிசகாது. அடுத்தடுத்த துளைகளை மட்டும் அளந்து விடாமல் எதிரெதிர்த் துளைகளையும் அளவுங்கள். வட்டம் முட்டையானால் அங்கேதான் தெரியவரும்.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி: 10 மி.மீ. உருக்குத் தகட்டில் 150 மி.மீ. வட்டம் இரண்டு வெட்டுங்கள். இரண்டையும் தனித்தனியாக, ஒன்றை மற்றதோடு ஒப்பிடாமல், 100 மி.மீ. போல்ற் வட்டத்தில் ஆறு 11 மி.மீ. துளைகள் கீறி, குத்தி, துளையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆறு எம்10 போல்ற்றும் போட்டுப் பாருங்கள். கழற்றி, மேல்தகட்டை ஒரு துளை தள்ளிச் சுழற்றி, திரும்பப் போடுங்கள். ஆறு நிலையும் முடிந்தபின் மேல்தகட்டைக் கவிழ்த்து வைத்து இன்னும் ஆறு. பன்னிரண்டு நிலையிலும் ஆறு போல்ற்றும் சுத்தியல் தொடாமல் விரலால் இறங்க வேண்டும். எந்த நிலையில் எந்தப் போல்ற் இடித்தது என்று கொப்பியில் குறித்துவைத்து, அந்தத் துளையின் நாலு சாட்சிக் குத்துகளையும் எடுத்துப் பாருங்கள்.